ஒலிக்காகக் கைவிட்ட படங்கள்

அம்மா ஷெத்லியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கெர்கென்னா தீவில் பிறந்தவர். மணமாகி ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு வந்து, பாதாம் கிட்டங்கியில் பருப்பு பிரித்தார். கைகள் வேலையில் இருந்ததால் பகலெல்லாம் அவருக்குப் பேச்சு கிடையாது. வீட்டுக்கு வந்தால் விரல்கள் நிற்காது. அப்பாவின் குறட்டையில் கட்டில் ஆடுகிறது என்று எழுப்பிச் சண்டை போடுவார்.

இன்று விடியலில் மருத்துவமனையில் இறந்தார். நேற்று அண்ணன் ரம்ஸிக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். "என்னை அடக்கும்போது பக்கத்தில் வையுங்கள்" என்கின்றன கைகள். யார் பக்கத்தில் என்பது தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சைகையில் அப்பா என்றால் தாடியைப் பிடித்து இழுப்பது. அம்மாவின் அக்காவான பெரியம்மா என்றால் முகவாயில் ஒற்றை விரலால் கோடு. அவர் அங்கே பச்சை குத்தியிருந்தார். அப்பாவை அடக்கிய கபர் இங்கே, பெரியம்மாவுடையது தீவில். மதியக் கப்பலை விட்டால் இன்று தீவுக்குப் போக முடியாது.

"அப்பாதான். இதுல என்ன சந்தேகம்?" என்றார் அண்ணன்.

"கை முகவாய்க்குப் போகுது. அடுத்து மடியில இருக்கு. நடுவுல காணோம்ணா."

"பழைய போனு. அவ்வளவுதான் எடுக்கும்."

"எடுத்திருக்கு. ஓட்டுறப்பதான் விடுது."

"நீ எழுதுற சாஃப்ட்வேர்தானே? நல்லா எழுதின போ."

வீடியோ ஓட்டும் மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. அதில் ஒலிதான் கடிகாரம்; படங்கள் அதன் வேகத்துக்கு ஓட வேண்டும். காது சிறு தடங்கலையும் பொறுக்காது, கண் பொறுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. அதனால் நேரம் தவறி வரும் படத்தைக் காட்டாமல் தள்ளிவிடுவோம். இந்த வீடியோவில் இருந்த ஒலி ஏசியின் இரைச்சல் மட்டும். அதற்காகத்தான் அம்மாவின் பேச்சு வெட்டுப்பட்டது.

மடிக்கணினியைத் திறந்து, தாமதமான படங்களைத் தள்ளும் வரியை நீக்கினேன். ஒலியை அணைத்தேன். ஒவ்வொரு படமும் வரட்டும், எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும்.

ஒற்றை விரல் முகவாயில் இறங்கியது.

"திரும்பப் போடு," என்றார் அண்ணன். போட்டேன்.

"அப்பா தனியா கிடப்பாரே."

விரல் முகவாயில் இருந்த படத்தில் வீடியோவை நிறுத்தினேன்.

"அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்காதேடி ஹாலா. ஏறினாலே வாந்தி எடுப்பா."

"இனி எடுக்கமாட்டாங்கண்ணா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உள்ளே அம்மாவைக் குளிப்பாட்டும் பெண்களிடம் சீக்கிரம் முடிக்கச் சொல்லப் போனார்.