ஒரு சொட்டும் ஒழுகாத கார்

எங்கள் தெருவைத் தாண்டும்போது பேருந்தில் இருப்பவர்கள் அவசர அவசரமாக ஜன்னல் ஷட்டரை இறக்குவார்கள். தூசிக்குப் பயந்துதான் என்று நினைத்திருந்தேன். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளை ஒட்டிய தெரு அது, தூசிக்கும் குறைவில்லை.

அப்பாவுக்கு டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. பச்சைத் தோலை ஊறப்போட்டு, இறங்கிப் புரட்டி, மேலே இழுத்துப் போட வேண்டும். சுண்ணாம்பு தின்று விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். சாயங்காலம் அம்மா அதில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "லாரி ஓட்டக் கத்துக்கினு கொழியில போய் எறங்குன ஒரே ஆளு நீதான்" என்பாள். கல்யாணத்துக்கு முன் அவர் லாரி க்ளீனராக இருந்தவர். லைசென்ஸ் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

முதலாளியிடம் ஒரு வெளிநாட்டு டீசல் கார் இருந்தது. ஓட்டிய டிரைவர் துபாய்க்குப் போய்விட்டான். போன கையோடு வண்டி ஆயில் ஒழுக ஆரம்பித்தது. போர்ட்டிகோவின் வெள்ளைத் தரையெல்லாம் கறை, வண்டிக்குள் ஆயில் கருகும் நாற்றம். மெட்ராஸில்தான் பார்க்க முடியும் என்றார்களாம். தன்னால் சரிசெய்ய முடியும் என்று அப்பா மேஸ்திரியிடம் தயங்கித் தயங்கிச் சொல்லி, மேஸ்திரி முதலாளியிடம் சொல்ல, பதில் வந்தது: வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கட்டும், ஒழுகல் நின்றால் அவனே டிரைவர்.

கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. எங்களை நம்பி அனுப்பியிருக்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒழுகுகிற வண்டியை நிறுத்த எங்கள் தெருவை விட்டால் வேறு இடம் ஏது என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. சீட்டு முழுக்கத் தோல். தொட்டுப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இருந்தது. அதுவும் ஒரு நாள் ஏதோ ஒரு குழியில் கிடந்ததுதான் என்று அப்பா சொன்னார்.

"இன்னாபா, மச்சான் சீரு கொண்டாந்தானா?" என்றார் எதிர்வீட்டுப் பெரியப்பா.

அப்பா பானெட்டைத் திறந்து உள்ளே நத்தை மாதிரி சுருண்டிருந்த ஒன்றைக் காட்டினார். டர்போ. புகை வெளியே போகிற வேகத்திலேயே சுற்றி எஞ்சினுக்குக் காற்றை ஊதித் தள்ளும். கொல்லன் துருத்தி மாதிரி என்றார். அதற்கு ஆயில் கொண்டுபோகும் குழாயின் முனையில்தான் கசிவு. கசிந்தது சூட்டில் விழுந்து கருகிக்கொண்டிருந்தது.

"ஒரு துண்டு தோல வெட்டி வெச்சு இறுக்குபா. நம்ம ஊர்ல தோலுக்கா பஞ்சம்?" என்றார் பெரியப்பா.

"இந்தச் சூட்டுக்குத் தோலு தாங்காதுண்ணே, கருகிடும்."

குழாய் முனையில் இருந்த செம்பு வாஷர்களைக் கழற்றிக்கொண்டு அப்பா நேராக அடுப்படிக்குப் போனார். செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும். இறுக்கும்போது மறுபடி படிந்துகொள்ளும். லாரியில் கற்றது.

"சோறு வேவுற அடுப்புல இத்த வேவ வெக்கிறியே, ஒனக்கு இன்னா புத்தி?" என்று அம்மா கத்தினாள். ஆனால் ஊதுகுழலை எடுத்து ஊதியதும் அவள்தான்.

மாட்டி முடித்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தார். காலையில் குனிந்து பார்த்தோம். பேப்பரில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அம்மா அன்றைக்கே அப்பாவின் வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்தாள்.

முதலாளி குடும்பத்தை வாணியம்பாடிக் கல்யாணத்துக்கு அழைத்துப் போனதுதான் முதல் சவாரி. அப்பா நன்றாகத் தேய்த்துக் குளித்து, தலை வாரி, அந்தச் சட்டையோடு கிளம்பினார். சாயங்காலம் கார் எங்கள் தெரு வழியாகத் திரும்பியது. நாங்கள் வரிசையாக நின்று கைகாட்டினோம். அத்தனை தூசியிலும் கண்ணாடிகள் எல்லாம் இறக்கித் திறந்தே இருந்தன. முதலாளியம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். ஆயில் திரும்பக் கசிகிறதோ என்று கார் போன தடத்தைக் குனிந்து பார்த்தேன். அப்பாவுக்கும் அதே பயம் இருந்திருக்க வேண்டும். விடிந்ததும் முதலாளி வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பானெட்டுக்குள் குனிந்து மோந்து பார்த்தார். வெள்ளைத் துணியால் குழாயைத் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

மேஸ்திரி வந்தார். "வேற ஆளு பாத்துட்டாங்கபா. நீ கொழிக்கே போ."

"ஏன் மேஸ்திரி?"

"அம்மாவுக்கு நாத்தம் ஒத்துக்கலியாம். தலவலி வந்துடுச்சாம்."

"ஒரு சொட்டு ஒழுகல மேஸ்திரி. நீங்களே கைய வெச்சுப் பாருங்க."

"ஆயிலு இல்லபா..." என்றவர் தரையைப் பார்த்தார்.

நீட்டியிருந்த துணியை அப்பா மெதுவாக இறக்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் தெருக் குழாயடியில் நின்று வெகுநேரம் கை கழுவினார். அந்தக் கையில் ஆயிலே இல்லையே, எதைக் கழுவுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குழி வேலைக்குப் போனார்.

வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கியது. அதை எடுத்து முகத்தோடு அழுத்தி, எங்கேயாவது ஆயில் நாற்றம் அடிக்கிறதா என்று கை, காலர், பாக்கெட் எல்லாம் தேடினேன். சோப்பு வாசனை இருந்தது. மற்றபடி அப்பா வாசனைதான்.