ஐந்து நொடிக்குள் பெய்த மழை

கலந்தாய்வில் கிடைத்த கல்லூரி இடத்தை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் எடப்புளி நாட்டிலிருந்து காலையிலேயே நடந்து வந்து, வாழவந்தி நாட்டில் இருக்கும் எங்கள் சேவை மையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மலையில் ஒவ்வொரு ஊர்த் தொகுப்பையும் நாடு என்றுதான் சொல்வார்கள். நான் நனைந்த கோழி மாதிரி உள்ளே நுழைந்தபோது மணி நாலு பத்து.

அந்த மையத்துக்கு நெட் கொடுக்கும் கணினியைப் பராமரிப்பது என் வேலை. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அடிவாரத்திலிருந்து டிஷ் வழியாக வரும் நெட்டை அதுதான் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும். கூரையில் இருக்கும் மழைமானி சொல்லும் அளவையும் அதுதான் எழுதிக்கொள்ளும். முந்தின நாள் முழுக்க மலையில் கரண்ட் இல்லை. அன்று மத்தியானம் கரண்ட் வந்தும் நெட் வரவில்லை. மையத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று போன் செய்து, அந்தப் பெண் காத்திருப்பதையும் சொன்னார்.

“லைட்டு எரியுதுங்க. ஆறு வாட்டி அணைச்சு அணைச்சுப் போட்டுட்டேனுங்க. ஒண்ணும் அசையறதில்லீங்க.”

அடிவாரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். எழுபது வளைவில் நாற்பதைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே மரம். பஸ்ஸெல்லாம் கீழேயே நின்றுவிட்டது. கிளையை வெட்டி டூவீலருக்கு மட்டும் வழி விட இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண் கீழே போய் வேலையை முடிக்கவும் வழியில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முதலில் அடாப்டரை மாற்றினேன். பிறகு பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி மாட்டினேன். கோளாறு என்றால் அதற்குக் காரணம் முதலில் கரண்ட், அப்புறம் இடி, அப்புறம் ஊரார், கடைசியில்தான் நான் என்று நினைக்கிற ஆள் நான். இருபத்தைந்து நிமிடம் அதிலேயே போயிற்று.

“ஏனுங்க அம்மிணி, ஆகுங்களா?” என்று அப்பா கேட்டார்.

“கொஞ்சம் பேசாம இருங்க” என்று எரிந்து விழுந்தேன். அவர் மகளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வேறு வழியில்லாமல் லேப்டாப்பையும் சீரியல் கேபிளையும் வெளியே எடுத்தேன். லேப்டாப்பைப் பெட்டியில் மாட்டி அதோடு பேசும் அந்த ஏற்பாடு நான் செய்ததுதான். முன்பெல்லாம் பெட்டி மக்கர் செய்தால் ஒரு மானிட்டரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு மலையேற வேண்டும். அது வெறுத்துப்போய், போன கோடையில் பூட்லோடரின் அமைப்புக் கோப்பில் சில வரிகளைச் சேர்த்தேன். பூட்லோடர் என்பது பெட்டியில் முதலில் கண் விழித்து, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுப்பிவிடுகிற சின்ன நிரல். அது இனி பின்பக்கத்து சீரியல் போர்ட் வழியாகப் பேசும், அதன் வழியாகவே கேட்டுக்கொள்ளும். பெட்டியில் இருந்ததே ஒரு சீரியல் போர்ட்தான். அதில் மழைமானி சொருகியிருந்தது. அதைப் பிடுங்கி, என் கேபிளைப் போட்டுச் சோதித்துவிட்டு, மறுபடி மழைமானியைச் சொருகினேன். அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது மழைமானியைப் பிடுங்கி கேபிளை மாட்டினேன். லேப்டாப்பில் கறுப்புத் திரை. என்டரைத் தட்டினேன். ‘இப்படி ஒரு கட்டளை கிடையாது’ என்று பதில் வந்தது. கூடவே, அதற்குப் புரியாத அந்தக் கட்டளை: 0.2 0.2 0.2 0.2.

அது மழையின் அளவு.

பூட்லோடர் ஐந்து நொடி பொறுத்துப் பார்க்கும். யாரும் எதையும் தட்டாவிட்டால் தன் வேலையைப் பார்க்கப் போகும். ஒரு எழுத்து வந்துவிட்டால் யாரோ தட்டுகிறார்கள் என்று அப்படியே நின்றுவிடும். கோடையில் மழைமானி வாயே திறக்காது. இன்றோ அதற்குள் இருக்கும் சின்னக் கிண்ணம் சில நொடிக்கு ஒரு தரம் நிரம்பிக் கவிழ்ந்து அளவை அனுப்பிக்கொண்டிருந்தது. அக்கா ஆறு முறை பெட்டியை அணைத்துப் போட்டபோதும் ஐந்து நொடிக்குள் மழை பேசிவிட்டது. பெட்டி பழுதாகவே இல்லை. மழை சொல்லி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது.

மணி நாலு நாற்பத்திரண்டு. மழைமானி இல்லாமல் பெட்டியை அணைத்துப் போட்டேன். ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கி, வரிகள் ஓடத் தொடங்கின. ஆறு முறை பட்டென்று அணைத்ததால் டிஸ்க்கைச் சரிபார்க்க உட்கார்ந்துகொண்டது. நூற்றுக்குப் பன்னிரண்டு. நூற்றுக்குப் பதின்மூன்று.

நாலு ஐம்பத்தொன்றுக்கு நெட் வந்தது. பெண் மையத்துக் கணினியில் உட்கார்ந்தாள். ஓடிபி கேட்டது. அது அப்பாவின் போனுக்கு வரும். போனுக்கு சிக்னல் மேட்டில்தான். அவர் கொட்டும் மழையில் மேட்டுக்கு ஓடினார். அக்கா வாசலில் நின்றார். மேலிருந்து அவர் ஒவ்வோர் எண்ணாகக் கத்த, அக்கா வாங்கி உள்ளே கத்த, பெண் தட்டினாள். நாலு ஐம்பத்தேழுக்கு இடம் உறுதியாயிற்று. அவள் மேஜையில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மழைக்கும் இதே கதை வரக்கூடாதே என்று, அந்தக் கோப்பைத் திறந்து வரிகளை அழித்துக்கொண்டிருந்தேன். பெண் என் பின்னால் வந்து நின்றாள். கம்ப்யூட்டர் படிப்புக்குத்தான் போகிறாள், விவரமாகக் கேட்டாள். நானும் மழைமானி விஷயத்தைச் சொன்னேன். அதற்குள் அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். “நம்ம காட்டு மொளகுங்க அம்மிணி. நீங்க வரலீன்னா எம்புள்ள படிப்பு போயிருக்குமுங்க.”

“அந்த வரிய எழுதுனது யாருங்க?” என்றாள் பெண்.

முன்பு வேலை பார்த்தவர் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எப்படியோ விழுங்கினேன்.

“நான்தாங்க. சோதிச்சுப் பாக்கறப்போ மழைய நெனைக்கல. தப்பு என்னுது.”

அப்பாவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை நிதானமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இருட்டறதுக்குள்ள ஊடு போய்ச் சேரோணுங்க. வா கண்ணு” என்று மகளைக் கூட்டிக்கொண்டு மழையில் இறங்கினார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இவ்வளவு மரியாதையாகப் போயிருக்க மாட்டேன்.