கண்ணாடியைக் கழற்றச் சொன்னவள்

திருவெறும்பூரில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பிட்டர் பிரிவு ஆசிரியர் நவநீதன் சாருக்கு, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பட்டறைக்குள் யார் வந்தாலும் ஆகாது. பிரின்சிபாலையே ஒரு தடவை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வகுப்பில் ஒருவருக்கும் கீறல்கூட விழுந்ததில்லை.

அந்தப் பெயரைக் கெடுத்தவள் நான். பிரேமலதா, கம்ப்யூட்டர் டீச்சர். பாடங்களை வீடியோவாக எடுத்து ஸ்மார்ட் போர்டில் போட வேண்டும், பிள்ளைகளின் செல்போனுக்கும் அனுப்ப வேண்டும் என்று நிர்வாகம் சொன்னதும் தலைகால் தெரியாமல் குதித்தேன். கிரைண்டரில் உளிக்குச் சாணை பிடிக்கும் பாடம். மூன்று தடவை எடுத்தும் அவர் கண்ணாடியில் டியூப் லைட் பளிச்சென்று அடித்தது.

“ஒரு நிமிஷம் அதைக் கழட்டுங்க சார்.”

“அது இல்லாம மெஷின்கிட்ட நின்னதே இல்லைங்கம்மா.”

“முகமே தெரியாத வீடியோவை யார் சார் பார்ப்பாங்க?” என்று எரிந்து விழுந்தேன். பாவம், கழற்றினார்.

பார்த்தார்கள். முசிறியிலிருந்து வரும் பிட்டர் மாணவி ஆனந்தவள்ளி செல்போனில் பத்துத் தடவை பார்த்திருக்கிறாள். மறுவாரம், சார் வெளியே போயிருந்த நேரத்தில், வீடியோவில் உள்ளது உள்ளபடி, கண்ணாடி போடாமல் கிரைண்டரில் உளியைப் பிடித்தாள். இரும்புத்தூள் இடது கண்ணில் தெறித்தது. அந்தக் கண்ணில் இனி பாதிப் பார்வைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விசாரணையில் சார், “நான்தாங்க கழட்டினேன்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவள். வகுப்பைப் பிடுங்கி, கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்டோரில் அவரைப் போட்டார்கள். என்னைப் புது வீடியோ எடுக்கச் சொன்னார்கள்.

என் பெயரை ஏன் சார் சொல்லவில்லை என்று ஸ்டோருக்குப் போய்க் கேட்டேன். “கழட்டினது என் கைதானேம்மா” என்றார்.

ஆனந்தவள்ளி திரும்பி வந்ததும் லேபில் அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன். அவள் அழவில்லை.

“அப்ப சாரை எதுக்கு மேடம் ஸ்டோர்ல போட்டாங்க?”

“தப்புதான்மா. மனசு கேட்கலை. அதான் உன்கிட்ட...”

“என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பிரின்சிபால் ரூம்லதான் இருக்காரு. அங்க போய்ச் சொல்லுங்க.”

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.