கட்டம் கட்டிய விடை

ப்ளஸ் டூ கணக்கில் இருநூறுக்கு இருநூறு வாங்கியவள் நான். ப்ளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை. நான் தங்கிப் படித்த ஹாஸ்டல் பள்ளியில் ப்ளஸ் ஒன் தொடங்கிய முதல் வாரமே ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு வருடமும் அதே கணக்குகள். கேள்வியைப் பார்த்ததும் கை தானாக எழுதும். விடையைச் சுற்றிப் பென்சிலால் கட்டம் கட்ட வேண்டும்.

பல வருடம் பத்திரிகையில் பிழை திருத்திய பிறகு, புள்ளியியல் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். அதில் நுண்கணிதம் உண்டு. அதற்கு முன் துடியலூரில் எட்டு ஞாயிற்றுக்கிழமை அடிப்படை வகுப்பு, கடைசியில் ஒரு தேர்வு. தேறாவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

முதல் வகுப்பில் ஆசிரியர் பலகையில் சைன் எக்ஸ் என்று எழுதினார். பலகைக்குப் போய் அதைத் தொகையிட்டு, அதாவது இன்டெக்ரேட் செய்து, காட்டினேன்.

"சரிங்க. அதோட வரைபடத்தைப் போடுங்க."

சாக்பீஸோடு நின்றேன். என் பக்கத்து இருக்கைக்காரி எழுந்து வந்து போட்டாள். வால்பாறை அரசுப் பள்ளியில் படித்து, வங்கியில் வேலை பார்ப்பவள்.

"ஏனுங்க்கா, மாடி கட்டியாச்சு, படி வெக்க மறந்துட்டீங்களா?" என்றாள் திரும்பி வரும்போது.

எட்டு வாரத்தில் படி கட்ட எனக்குத் தெரிந்தது ஒரே வழி. வகுப்பில் போட்ட மாதிரிக் கணக்குகளை ஒவ்வொன்றும் பத்து முறை எழுதினேன். அவள் நோட்டைப் புரட்டினாள்.

"இம்போசிஷனுங்களா?"

"எழுதினாத்தான் எனக்கு நிக்கும்."

"நிக்கும்ங்க. நடக்குமா?"

தேர்வில், நான் பத்து முறை எழுதியிருந்த |x − 2| < 5 என்ற கணக்கு வந்தது. −3 < x < 7 என்று எழுதிக் கட்டம் கட்டினேன். தாள் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். கேள்வியில் இருந்தது x + 2. ஐந்து மார்க் போயிற்று. நாற்பது வேண்டும், நான் முப்பத்தெட்டு.

"கட்டம் அழகா இருக்குதுங்க. கேள்வியைப் படிச்சீங்களா?" என்றார் ஆசிரியர்.

ஒரு கமா இடம் மாறினால்கூடக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அவள் தேறிவிட்டாள். அடுத்த ஞாயிறு தன் பழைய ப்ளஸ் ஒன் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தாள். "மெதுவாத் திருப்பித் தாங்க்கா, ஒரு வருசம் இருக்குதில்ல."

புத்தகத்தில், நான் தப்பவிட்ட அதே மாதிரிக் கணக்கைப் பக்க ஓரத்தில் போட்டுப் பார்த்திருந்தாள். மூன்று முறை தப்பாகப் போட்டு அடித்திருந்தாள். எங்கள் ஹாஸ்டலில் ஒரு வரி அடித்தாலே தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்வார்கள்.