சுழியை மழித்த ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிறு அக்கா வீட்டில் இருந்தேன். விடிந்தும் விடியாமலும் அத்தான் என்னிடம் ட்ரிம்மர் கேட்டார். தாடி ஒதுக்குகிற மெஷின்தான்.

எனக்கு ஆச்சரியம். அத்தான் போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சலூனில் வாரம் ஒருமுறை முகத்தைக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். அதோடு அவருடைய அலங்காரம் முடிந்தது. சரி, மறுநாள் வீட்டுப் பத்திரப் பதிவு... போட்டோ வேறு எடுப்பார்கள்... மனுஷன் கொஞ்சம் பளிச்சென்று இருக்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன்.

சீக்கிரமே திருப்பிக் கொடுத்தார். பிளேடில் செம்பட்டை முடி ஒட்டியிருந்தது. அத்தானுக்கோ தலை முழுக்க வெள்ளை!

கேட்பதற்குள், "மாப்ளே, வெரசா கெளம்பு. மாட்டை ஏத்தணும்" என்று வாசலுக்குப் போய்விட்டார். அங்கே லோடு வண்டி. அக்கா கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள். மாட்டின் முதுகில் ஒரு சாக்கு. "பனி பெய்யுதுல்ல" என்றார் அத்தான், யாரும் கேட்காமலே.

அக்கா வீடு குரங்கணிக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது. போடிமெட்டு ரோட்டில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டியவர் அத்தான். போன மழைக்காலத்தில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு ஜீப்பைப் பிடித்து, போடி வந்து, அங்கிருந்து தேனி போய்ச் சேர்வதற்குள்... அந்தப் பயணத்தைப் பற்றி அக்கா இன்றுவரை வாய் திறப்பதில்லை. "இன்னொரு தடவை வந்தா என்னம்மா செய்வீங்க? வீட்டை வித்துட்டு இங்க வந்துருங்க" என்று கோயம்புத்தூரிலிருந்து மகள் தினமும் போனில் அழுகிறாள்.

விற்பது என்ன லேசான காரியமா? முதலில் வந்தவர் தெருக்குத்து என்று போய்விட்டார். அடுத்தவர் பேசி முடித்துவிட்டுப் போனையே எடுக்கவில்லை. மூன்றாவதாகக் கிடைத்தவர் பாண்டி. மலைக்கு மேலே ஏலத்தோட்டம் ஒன்றில் சூப்பர்வைசர். மனைவி செல்வி அதே தோட்டத்தில் காய் எடுக்கிறாள். பிள்ளைகள் படிப்புக்காகக் கீழே இறங்க நினைத்தார்கள். வீடு பிடித்தது; அட்வான்ஸ் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பதிவு. இதுவும் போனால் அடுத்த ஆள் எப்போது வருவார், அதுவரை அத்தானின் நெஞ்சு பொறுக்குமா... இதுதான் வீட்டில் எல்லோருக்கும் இருந்த பயம்.

மாடு மட்டும் பாக்கி. செவலைப் பசு. வஞ்சகமில்லாமல் கறக்கும். ஆனால் முதுகில் இறங்குபூரான்.

டவுன் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மாட்டின் உடம்பில் முடி சுழித்துக்கொண்டு நிற்கும் இடத்துக்குச் சுழி என்று பெயர். முதுகில் அது பூரான் மாதிரி நீளமாக மேலே ஏறினால் ஏறுபூரான். வாங்கியவன் வீடு ஓங்கும். கீழே இறங்கினால் இறங்குபூரான், வீடு நொடித்துவிடும். இதையெல்லாம் நம்புகிறாயா என்று என்னைக் கேட்காதீர்கள். நம்பவில்லைதான். ஆனாலும் நாளைக்கே நான் மாடு வாங்கப் போனால் முதுகைத் தடவிப் பார்க்காமல் வருவேனா?

லோடு வண்டியில் போகும்போதுதான் அத்தான் என் காதோடு விஷயத்தைச் சொன்னார். பாண்டியும் செல்வியும் வீடு பார்க்க வந்த அன்றைக்கு மாட்டை அடுத்தவர் மாந்தோப்பில் கொண்டுபோய்க் கட்டிவிட்டாராம். "இது நின்ன வீடுன்னு தெரிஞ்சா வீட்டையும் வேணாம்பாக மாப்ளே. அதான் சந்தையிலயே தள்ளிருவோம்னு..."

"அந்த ட்ரிம்மர்?"

"அதான் சுழியவே எடுத்துட்டேன்ல" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சந்தையில் இறங்கியதும் சாக்கை எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு மொட்டை! செவலை முதுகின் நடுவே வெளுத்துப்போய், மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அதுதான் கண்ணில் பட்டது.

தரகர் ஒருவர் வந்தார். பல்லைப் பிடித்துப் பார்த்தார். மடியைப் பார்த்தார். திருப்தி. துண்டை விரித்துக் கையை மூடி, விரலைப் பிடித்து விலை பேசத் தயாராகிவிட்டார். இன்னொரு கை முதுகைத் தடவிக்கொண்டே போய்... நின்றது.

"இங்க என்னண்ணே?"

"உண்ணி கடிச்சிருச்சு. மருந்து போட மழிச்சேன்."

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அடுத்து வந்தவர் அருகிலேயே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சந்தைக்கே தெரிந்துவிட்டது... அந்தச் செவலைக்கு இருந்தது பாடைச் சுழி!

பாடைச் சுழி தெரியுமா? வாங்கியவனைப் பாடையில் ஏற்றிவிடும் என்று பயப்படும் சுழி. இறங்குபூரானை அப்படியே விட்டிருந்தால் விலையைக் குறைத்து யாராவது ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். மழித்த இடத்தில் அவரவருக்கு எது பெரிய பயமோ அதைப் பார்த்தார்கள். இந்த ஊரில் ஏலக்காயைக்கூட உள்ளங்கையில் கொட்டி, உருட்டி, முகர்ந்து பார்த்துத்தான் விலை சொல்வார்கள். மூடி வைத்த மூட்டைக்கு யார் விலை கேட்பார்கள்?

அப்போதுதான் அது நடந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது... பாண்டியும் செல்வியும். புது வீட்டில் தொழுவம் இருக்கிறதே, ஒரு மாடு வாங்கலாம் என்று வந்திருக்கிறார்கள்!

"அண்ணே, இது உங்க மாடா? வீடு பாக்க வந்தப்ப இல்லியே?"

பாண்டி மொட்டை இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் பாடைச் சுழி கதையை அவர் காதில் போட்டார். பாண்டி நிமிர்ந்து அத்தானைப் பார்த்தார்.

"மாட்டுல இதை மழிச்சிருக்கீக. வீட்டுல எதைண்ணே மழிச்சீக?"

நான் பாண்டியைப் பார்க்கவில்லை. அத்தானின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குப் போகிறதா? போனால் எந்த வண்டியில் ஏற்றுவது?

அக்கா கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். மழித்தது அவளுக்கே சந்தையில் சாக்கை எடுத்த பிறகுதான் தெரியும். அத்தானை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பாண்டி பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இதுக்கு இறங்குபூரான். வேற ஒண்ணுமில்ல. இந்த மனுசன் பயந்துக்கிட்டு மழிச்சிருக்காரு. வீட்டையும் கேட்டுக்க. பின்னாடி ரூம்புல பீரோவை நகட்டிப் பாரு, அடைமழைக்குச் செவுரு ஊறும். அடுப்படியில ரெண்டு ஓடு ஒடைஞ்சு கெடக்கு. கோடையில கெணறு வத்திரும், அடுத்த தெருவுக்குக் குடம் தூக்கணும். இவருக்கு நெஞ்சுவலி வந்ததும் அந்த வீட்லதான். எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனி உங்க இஷ்டம்."

அத்தான் தலையில் கையை வைத்துக்கொண்டார். நெஞ்சில் வைக்கவில்லை, எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

செல்விதான் கேட்டாள். "எத்தன வருசமாக்கா அந்த வீட்டுல இருக்கீக?"

"கல்யாணமாகி வந்ததுலருந்து."

"நல்லா இருந்தீகளா?"

அக்கா அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். "சண்டை போட்டோம். சிரிச்சோம். புள்ளய வளத்துக் கட்டிக் குடுத்தோம்..." மாட்டின் கயிற்றை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "நல்லாத்தான் இருந்தோம் தாயி."

"அப்புறமென்ன? எங்க தோட்டத்து லயத்து வீட்டுல மழை பேஞ்சா நாலு செவுரும் ஊறும். ஒத்தச் செவுரெல்லாம் ஒரு கொறையாக்கா?" புருஷன் பக்கம் திரும்பினாள். "நிக்கிறீகளே... எவ்வளவு கறக்குதுன்னு கேளுங்க!"

பாண்டி கேட்கவில்லை. "நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் இருக்க முடியும் என்று மாலை முழுக்க மூன்று பேரும் மாறி மாறிப் பேசினோம். மாடு தொழுவத்துக்குத் திரும்பி வந்து நிம்மதியாக வைக்கோல் தின்றது.

திங்கட்கிழமை. பத்திர ஆபீசில் டோக்கன் கூப்பிட்டுவிட்டார்கள். பாண்டியைக் காணவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. அத்தான் மாத்திரை டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அக்கா என் முகத்தைப் பார்க்கிறாள், நான் ரோட்டைப் பார்க்கிறேன்... கடைசியில் ஒரு ஜீப் வந்து நின்றது. "போடிமெட்டுல மூடுபனிண்ணே. வண்டி நகரவே இல்ல" என்றபடி பாண்டி குதித்து ஓடிவந்தார். பின்னாலேயே செல்வி. கையில் பூ, பழம், புதுக்கயிறு.

"கயிறு எதுக்கு தாயி?" என்றாள் அக்கா.

"மாட்டுக்குத்தான். அதையும் விட்டுட்டுப் போங்கக்கா. பழகுன எடத்துலயே நிக்கட்டும்."

நேற்று சாமான் ஏற்றிய வண்டி கோயம்புத்தூருக்குக் கிளம்பியது. அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், தொழுவத்துப் பக்கம் மட்டும் போகவே இல்லை.

நாங்கள் தலைகீழாக நின்று விற்கப் பார்த்த மாடு அதே இடத்தில் நிற்கிறது... போனது அக்காதான்.