என் மாமியார் மருமகளாக நடித்தபோது

எனக்குப் பூடகமாகப் பேசுவது பிடிக்காது. கிள்ளானில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே சரக்கு வந்ததா என்று கேட்டால் வந்தது, வரவில்லை என்று இரண்டு பதில்கள்தான் உண்டு. வீட்டிலும் அப்படி இருந்தால் என்ன என்று நினைப்பேன். பசித்தால் பசிக்கிறது என்று சொல்ல வேண்டியதுதானே? என் மாமியார் அப்படிப்பட்டவர் அல்ல. எங்களோடு இருந்த இத்தனை வருடங்களில் அவர் எதையும் நேராகக் கேட்டதில்லை. மீன் குழம்பு வேண்டுமென்றால், "பாசார்ல இன்னிக்கு மீன் நல்லா இருந்துச்சாம்" என்பார். மீதியை நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்படிப்பட்டவரோடு மேடையேறி ஒரு நகைச்சுவை நாடகத்தில் நடித்தேன். எது நடிப்பு, எது நிஜம் என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. பிடிபட்ட வரைக்கும் சொல்கிறேன்.

எங்களுடையது பெரிய நாடகக் குழு ஒன்றும் இல்லை. கிள்ளானில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் எழுதுவார், இயக்குவார், எல்லாரையும் திட்டுவார். நாடகம் எப்படி இருந்தாலும் எங்கள் மேடைத் திரையில் மட்டும் ஒருவரும் குறை சொல்ல முடியாது. லோரி ஓட்டும் ஒருவர், பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர், மருத்துவமனைத் தாதி ஒருத்தி, நான். சனிக்கிழமை மாலைகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் ஒத்திகை நடக்கும். ஆளுக்கொரு ஊர் என்பதால் ரயிலில் வருபவர்களுக்கு அதுதான் வசதி.

நாடகத்தின் கதை பழைய சரக்குதான். மாமியார் கொடுமைக்காரி, மருமகள் வாயாடி. கடைசியில் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்ப, அடுப்பு பற்றவைக்கக்கூடத் தெரியாத மாமியார் அவளைக் கெஞ்சித் தடுத்து நிறுத்துவாள். நான்தான் மாமியார். தாதிப் பெண் மருமகள். வீட்டில் தனியாக இருப்பானேன் என்று என் மாமியாரும் ஒத்திகைக்குக் கூட வருவார். ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெண் வசனத்தை மறக்கும்போதெல்லாம் மெல்ல எடுத்துக் கொடுப்பார்.

திடீரென்று அந்தப் பெண்ணுக்கு இரவு வேலையாகப் போட்டுவிட்டார்கள். இனி வர முடியாது என்று வாட்ஸ்அப்பில் அழுத முகத்தோடு செய்தி போட்டாள். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு மூலையைப் பார்த்தார். வயதானவர் மருமகள், வயதில் சின்னவள் மாமியார். அதுவும் நிஜ மாமியாரும் நிஜ மருமகளும். இதைவிட என்ன நகைச்சுவை வேண்டும் என்று அவர் துள்ளினார். மாமியார், "எனக்கு எதுக்குத் தம்பி இதெல்லாம்" என்றார். இது மறுப்பா சம்மதமா என்று அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எதைக் கண்டேன்? அடுத்த சனிக்கிழமை பார்த்தால் பவுடர் பூசி, பூ வைத்து, எனக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்திருந்தார்.

வசனம் வாயில் பழக வேண்டுமென்றால் வீட்டிலும் நாடகத்தில் கூப்பிடுவது போலவே கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார் அண்ணன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். ஒரு நாள் காலை மாமியார் காப்பியை என் முன்னால் வைத்து, "அத்தை, சீனி போதுமா பாருங்க" என்றார். எனக்கு வசனம் தயாராக இருந்தது. "இது கோப்பியாடி, கழனித்தண்ணியா?" என்றேன். கணவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார். மாமியாரும் சிரித்தார். ஆனால் அன்றைக்குக் காப்பி நிஜமாகவே தண்ணீராகத்தான் இருந்தது. நான் வசனம் சொன்னேனா, மனதில் பட்டதைச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாளிலிருந்து காப்பி கெட்டியாக வந்தது. அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்றும் தெரியவில்லை.

அவருக்கு நடிப்பு அப்படி வரும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் சொந்த வசனம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். மருமகள் அக்கம்பக்கத்தாரிடம் மாமியாரைப் பற்றிப் புலம்பும் காட்சி. அதில் திடீரென்று, நான் குளிக்கப் போனால் கதவைத் தட்டுகிறாள், டிவி போட்டால் சத்தத்தைக் குறை என்கிறாள், வாரத்தில் எனக்கு நிம்மதி ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், அன்றைக்கு அவள் பத்து மணி வரை தூங்குவாள் என்று கையை ஆட்டிச் சொன்னார். லோரிக்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணன் எழுதிக்கொண்டார். நானும் சிரித்தேன். ஆனால் முகம் காந்தியது. கதவு தட்டுவது நான். சத்தத்தைக் குறைக்கச் சொல்வதும் நான். ஞாயிற்றுக்கிழமை தூங்குவதும் நான்தான்.

திரும்பி வரும்போது பெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அத்தை, அந்தக் கதவு தட்டுறது, நெசமா சொன்னீங்களா?"

"நாடகந்தானே? எல்லாரும் சிரிச்சாங்கல்ல?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இது ஒரு பதிலா?

அன்றிலிருந்து நான் குளியலறைக் கதவைத் தட்டுவதை விட்டேன். டிவி எவ்வளவு அலறினாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் நானே போய், இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, இது எந்தக் காட்சியில் வருகிறது என்று கேட்டார். கேலியா, சந்தேகமா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றேன்.

அதற்குப் பிறகுதான் கடைசிக் காட்சிக்கு வந்தோம். "நான் என் தாய்வீட்டுக்கே போறேன்" என்பது மருமகளின் வசனம். மாமியார் அந்த இடத்தில் நின்றுவிட்டார். "இந்த வயசுல எனக்கு எங்கே தம்பி தாய்வீடு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்படியானால் உங்களுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள் என்றார் அண்ணன். மாமியார் கொஞ்சம் யோசித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நான் ஒரு ரூம் பாத்துட்டேன். சாவி கைக்கு வந்துருச்சு."

பிரமாதம் என்றார் அண்ணன். எனக்கு எங்கேயோ இடித்தது. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன். அவர் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவாவது, ரூமாவது, உனக்கு நாடகம் தலைக்கேறிவிட்டது என்றார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் காட்சிக்கு மட்டும் தனி ஒத்திகை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாமியார் காலையிலேயே ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார். மதியம் கைப்பேசியைப் பார்த்தால், வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் ஒரு படம் போட்டிருந்தார். வெளியூரில் ஏதோ கல்யாணத்தில், முன்னால் வாழையிலையோடு உட்கார்ந்திருந்தார். பின் யாரோடு ஒத்திகை? சாயங்காலம் மாமியார் திரும்பினார். ஒத்திகை எப்படிப் போனது என்று கேட்டேன். நன்றாகப் போனது என்றார். இரவுச் சாப்பாட்டின்போது பழைய சிநேகிதி ஒருத்தியைப் பற்றிப் பேச்செடுத்தார். இருவரும் இளவயதில் சுங்கைவேயில் ஒரே எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட, அந்த அம்மாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். "அவ வீட்டுல ஒரு ரூம் சும்மாவே கெடக்காம்" என்றார் மாமியார், ரசத்தை ஊற்றிக்கொண்டே. மீன் குழம்பு கேட்கும் அதே குரல். கணவர் தலையாட்டிவிட்டு அப்பளம் கேட்டார்.

எதையும் முகத்துக்கு நேராகக் கேட்கும் எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. போகப்போகிறீர்களா என்று கேட்டால் அவர் ஆமாம் என்று சொல்லிவிடக்கூடும். சொன்னால் நான் போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதை மனதாரச் சொல்வேனா? ரவாங்கில் இருக்கும் தன் மூத்த மகன் வீட்டில் அவர் ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வரக்கூடாதா என்று நான் ஏங்கிய நாட்கள் உண்டு. அந்த அடுப்படி எனக்கே எனக்கு என்று ஆகாதா என்று நினைத்ததுண்டு. இப்போது அது நடக்கப்போகிறது என்றால் சந்தோஷம் அல்லவா வர வேண்டும்? அழுகையாக வந்தது. ஒருவேளை ஒன்றுமே நடக்கப்போவதில்லையோ, வேறு எதற்கோ சிநேகிதியைப் பார்க்கப் போயிருக்கலாமோ என்று அதையும் நினைத்துக்கொண்டேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வசனத்தை மனப்பாடம் செய்வதுதான் நிம்மதியாக இருந்தது. அதில் அடுத்து யார் என்ன சொல்வார் என்றாவது தெரியும்.

நாடகத்தன்று பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் நிறைந்துவிட்டது. கணவர் முன்வரிசையில் இருந்தார். ரவாங்கிலிருந்து அவருடைய அண்ணன் குடும்பமும் வந்திருந்தது. நான் மாமியாரின் சுங்குடிச் சேலையைக் கட்டி, தலைக்கு வெள்ளைப் பவுடர் போட்டிருந்தேன். அவர் என் சுடிதாரில், இரட்டைச் சடையோடு குதித்து வந்தார். முதல் வசனத்துக்கு முன்பே கைத்தட்டல். குளியலறைக் கதவுக்கு விசில் பறந்தது. மண்டபத்தில் இருந்த எல்லா மருமகள்களும் எல்லா மாமியார்களும் ஒன்றாகச் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன்.

கடைசிக் காட்சி. மாமியார் தோள்பையோடு வந்து, "நான் ஒரு ரூம் பாத்துட்டேன். சாவி கைக்கு வந்துருச்சு" என்றார். சிரிப்பு. நான் ஓடிப்போய்ப் பையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒத்திகையில் அதில் பழைய பேப்பர்தான் திணித்திருப்போம். இழுத்தால் பஞ்சாய் வந்துவிடும். நான் மல்லாந்து விழ வேண்டும். அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

இழுத்தேன். பை வரவில்லை. கனத்தது. ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே மடித்த சேலைகள், போர்வை, அவருடைய மாத்திரை டப்பா, கைப்பேசி சார்ஜர்.

"போகாதடி, நீ போனா எனக்கு யாரு சோறாக்கிப் போடுவா" என்பதுதான் என் வசனம். வாயைத் திறந்தேன். "போகாதீங்க அத்தை" என்று வந்தது.

சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. மாமியார் வேடத்தில் இருப்பவள் மருமகளை அத்தை என்று கூப்பிட்டுவிட்டாள் அல்லவா? நான் மறுபடியும், "போகாதீங்க அத்தை, நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, என்னமாய் நடிக்கிறாள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மாமியார் பையை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு தன் வசனத்தை ஓர் எழுத்து மாறாமல் சொன்னார். "சரி அத்தை. நீங்க இவ்வளவு கெஞ்சறதால இருக்கேன்."

திரை விழுந்தது. எனக்கு உயிர் வந்தது. திரைக்குப் பின்னால் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டிருந்தார். பின்வாசலில் அந்தச் சிநேகிதி குடையோடு நின்றிருந்தார்.

"இருக்கேன்னு சொன்னீங்களே அத்தை," என்றேன்.

"அது அந்தத் தம்பி எழுதுனதும்மா," என்றார் மாமியார்.

என் மேல் கோபமா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறந்ததிலிருந்து யாராவது ஒருத்தர் வீட்டில்தான் இருந்திருக்கிறேன், எனக்கென்று ஒரு ரூம் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றார். கேட்டால் மகன் அழுவான், அதனால்தான் கேட்கவில்லை என்றார். நீ போகாதீர்கள் என்று சொன்னது சந்தோஷமாக இருந்தது, ஆனாலும் போகிறேன் என்றார். எனக்குப் பிடித்த மாதிரி, சுற்றி வளைக்காமல், முதல் முறையாக நேருக்கு நேர் பேசினார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிக்கவில்லை. என் தலையிலிருந்த பவுடரைக் கையால் தட்டிவிட்டு, மகனிடம் என்னையே சொல்லச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தெருக்கோடி வரை அந்தச் சுடிதார் தெரிந்தது.

கணவர் முன்பக்கமிருந்து தன் அண்ணன் குடும்பத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார். அந்த 'அத்தை'தான் உச்சம் என்றார். படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"அம்மா எங்கே?"

"ரூமுக்குப் போய்ட்டாங்க," என்றேன்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இரண்டாவது முறையும் சொன்னேன். அப்போதும் அவர் சிரித்தார். மூன்றாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.