நான் வாசிக்கேல்லை

பேய், ஆவி, கண்ணூறு என்று எதையும் நான் நம்பியதில்லை. இதை எழுதும்போதும் நம்பவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஜெர்மனியின் தெற்கே, வீட்டிலிருந்து தூரத்தில் இருக்கிற கார்ஹிங்கில் மின்னியல் படிக்கிறேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவின் படிப்பு ஊரில் நடந்த சண்டையோடு பாதியில் நின்றது, அம்மா பள்ளிக்கூடம் போனதே கொஞ்சக்காலம். கோயில் மண்டபத்தில் சனம் இப்படியான கதைகளைச் சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த ஆள் நான். இப்போது நீங்கள் சிரிக்கலாம், எனக்குக் கோபமில்லை. கடைசிவரை வாசித்துவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

முதலில் என் குணத்தைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. சின்ன வயதிலிருந்தே அப்பா அம்மாவுக்காக எல்லா அலுவலகங்களிலும் ஜெர்மன் கதைத்தவள் நான். எங்கள் வீடு இருக்கிற ஹம்பேர்க்கில் எந்த மேசைக்கு முன்னால் போய் இருந்தாலும் அப்பா என் தோளைத் தட்டி, எங்களுக்கு ஏலாது பிள்ளை, நீ கதை என்பார். அதனாலோ என்னவோ ஏலாது என்ற சொல்லே எனக்கு ஆகாது. பரீட்சையோ வேலையோ வயலினோ, ஏலும் என்று சொல்லிவிட்டுப் பிறகு எப்படியென்று யோசிப்பதுதான் என் வழக்கம்.

வயலின் எட்டு ஒன்பது வயதில் தொடங்கியது. நன்றாக வாசிப்பேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரே ஒரு குறை இருந்தது. பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியச் சடங்கில் மாமா போட்ட தங்கக் காப்பு ஒன்றை வலது கையில் கழற்றாமல் போட்டிருப்பேன். வில் திரும்பும்போதெல்லாம் அது சறுக்கி வந்து வில்லின் அடிக்கட்டையில் 'டிக்' என்று தட்டும். எங்களோடு மிருதங்கம் வாசிக்கும் நிமல் அண்ணைக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. தங்கச்சி ஒரு தாளம், நான் ஒரு தாளம், நடுவிலை மாமாவின்ரை காப்பு ஒரு தாளம் என்று எல்லோருக்கும் முன்னால் நக்கலடிப்பார். நான் கழற்றவே இல்லை.

போன வருடக் குளிர்காலத்தில் ஊபான் சுரங்கரயில் நிலையத்துக்குச் சைக்கிளில் போகும்போது பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு. சவ்வு அறுந்து, சின்ன எலும்பு ஒன்றும் விலகிவிட்டது, சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றார்கள். அதற்கு முன் தாதி ஒருத்தி சவர்க்காரம் பூசி, மெதுவாகத் திருகித் திருகி அந்தக் காப்பைக் கழற்றினாள். ஹம்பேர்க்கிலிருந்து ரயிலேறி வந்திருந்த அம்மா அதைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு போனார். வீட்டில் கழுவித் துடைத்துத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டியதாகப் பிறகு ஃபோனில் சொன்னார். பிறகு என் கை தடித்துவிட்டது, காப்பு அதில் ஏறாது.

கட்டு அவிழ்த்து, ஃபிசியோவுக்குப் போய், கோப்பையைத் தூக்க ஏலும் என்ற நிலை வந்ததும் வயலினை எடுத்தேன். தரையில் சம்மணம் கட்டி இருந்து, வயலினின் சுருண்ட தலையைக் காலில் ஊன்றி, வில்லை வைத்து இழுத்தேன். எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம் வந்தது. வில் திரும்ப வேண்டிய இடத்தில் மணிக்கட்டு திரும்பவில்லை, கை முழுதாக மரக்கட்டை மாதிரிப் போனது. அடுத்த அறையில் ஃபோன் கதைத்துக்கொண்டிருந்த என் வீட்டுத் தோழி கதையை நிறுத்திவிட்டாள். நான் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினேன். வாசிப்பதற்கு யன்னல் சாத்தியது அதுதான் முதல் தடவை.

அந்தக் கோடையில் தங்கை மதுராவின் அரங்கேற்றம். நடன ரீச்சர் மிகவும் தன்மையாக, சுவிஸில் ஒரு பிள்ளை வயலின் வாசிக்கிறா, கேட்டுப் பாக்கட்டோ என்றார். நான் தேவையில்லை, எனக்கு ஏலும் என்றேன். அதோடு நின்றேனா? வர்ணத்தின் நடுவில் பாட்டு நின்று வயலின் மட்டும் தனியாக வரும் இடம் ஒன்று வேண்டும், அதற்கு மதுரா அபிநயம் பிடிக்கட்டும் என்றும் நானே கேட்டு வாங்கினேன். மிருதங்கம்கூட அந்த இடத்தில் அடங்கித்தான் வரும். நான் நின்றால் மேடையில் அவளுக்கு ஆட ஒன்றுமே இருக்காது.

ஒத்திகைகளில் தட்டுத்தடுமாறினேன். மதுரா ஒருநாள் சமையலறையில் வைத்து மெல்லமாகச் சொன்னாள்.

"அக்கா, நோகுதெண்டா விடு. நான் கோவிக்கமாட்டன்."

"நீ உன்ரை காலைப் பார். என்ரை கையை நான் பாப்பன்."

அவள் தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அரங்கேற்றம் பின்னேரம் தொடங்கியது. வெளியே நல்ல வெயில். மண்டபம் நிறைந்து, பின்னால் ஆட்கள் நின்றார்கள். நாங்கள் மேடையின் ஓரத்தில் வரிசையாக இருந்தோம். நட்டுவாங்கத்துக்கு ரீச்சர், அடுத்தது பாடுகிற அக்கா, நிமல் அண்ணை, கடைசியில் நான். மணிக்கட்டில் தோல் நிறத்தில் ஒரு பட்டி கட்டியிருந்தேன். வெளிச்சம் முழுக்க மதுராவின் மேல்தான், எங்கள் பக்கம் அரை இருட்டு.

முதல் இரண்டு உருப்படியும் எப்படியோ போயின, பாட்டோடு ஒட்டிக்கொண்டு வாசித்தேன். வர்ணம் தொடங்கியது. அந்த இடம் வந்தது. பாட்டு நின்றது, மதுரா பக்கவாட்டில் திரும்பி யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி நின்றாள், நான் வில்லை இழுத்தேன், வில் கீழே போய்த் திரும்ப வேண்டிய இடத்தில் மணிக்கட்டு பூட்டிக்கொண்டது. நோகவில்லை. கை என்னுடையது இல்லை என்கிற மாதிரி நின்றுவிட்டது. நான் செய்ததெல்லாம் வில்லைத் தந்தியிலிருந்து தூக்கியதுதான், இல்லாவிட்டால் கீச்சென்று சத்தம் வரும் என்ற பயத்தில்.

வயலின் நிற்கவில்லை.

நம்பினால் நம்புங்கள். வில் காற்றில் நிற்கிறது, என் வயலினிலிருந்து கமாஸ் ராகம் வந்துகொண்டிருக்கிறது. இடது கை விரல்களுக்குக் கீழே தந்தி அதிர்வதை உணர்ந்தேன், யாரோ இழுத்தால் எப்படி அதிருமோ அப்படி. பயத்தில் ஒரு விரல் தவறான இடத்தில் அழுந்தியது. சுரம் பிசகவில்லை. பிறகு இடது கையையும் எடுத்துவிட்டேன், அப்போதும் வந்தது. என் கை நன்றாக இருந்த காலத்தில் நான் மிக நன்றாக வாசித்த நாட்களில் எப்படி வாசிப்பேனோ அதே வாசிப்பு, அதே இழைவு. மதுராவின் கண் நிறைந்து வழிந்தது. நான் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு, என் வயலினை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். பயத்தை விட எனக்கு வந்தது வெட்கம். நான் தேவைப்படாமலே எல்லாம் நடந்தது.

பாட்டு மறுபடி சேர்ந்ததும் அது நின்றது. வர்ணம் முடிந்தபோது கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

இடைவேளையில் ரீச்சரிடம் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, என்னாலை ஏலாது, மிச்சத்துக்கு வயலின் இல்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றி, அப்பிடி வாசிச்ச கை, ஓய்வெடுக்கட்டும் என்றார்.

"ரீச்சர், நான் வாசிக்கேல்லை."

"எனக்குத் தெரியும் பிள்ளை. அந்த நேரத்திலை நாங்கள் ஆர் வாசிக்க? எல்லாம் அவன் செயல்."

இதைத்தான் உங்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எங்கள் சனத்தில் நல்லாய்ச் செய்த ஒருவர் நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்லவேண்டும், அதுதான் மரியாதை. நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அது மரியாதையாகவே போய் விழுந்தது. அன்று சாப்பாட்டு வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னேன். வில்லே தந்தியில் படவில்லை என்றேன். ஒரு மாமி கன்னத்தைத் தடவினார். அப்பா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, இவ்வளவு படிச்சும் எவ்வளவு அடக்கம் பாருங்கோ என்றார். சின்ன வயதிலிருந்து தலையை நிமிர்த்தியே பழகிய எனக்கு அடக்கமான பிள்ளை என்ற பெயர் அன்றைக்குத்தான் கிடைத்தது. றோல்ஸ் பலகாரத்தை வாயில் வைக்க முடியாமல் தட்டோடு வெளியே போனேன்.

வாகனத் தரிப்பிடத்தில் நிமல் அண்ணை மிருதங்கத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு நின்றார்.

"நல்லாயிருந்தது தங்கச்சி. ஆனா ஒத்திகையிலை போடாத காப்பை இண்டைக்குப் பாத்துப் போட்டிருக்கிறாய். டிக் டிக் எண்டு காதுக்குள்ளை ஒரே ஆக்கினை."

நான் கையை நீட்டிக் காட்டினேன். பட்டி மட்டும்தான் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். மற்றக் கையையும் காட்டச் சொன்னார். அதிலும் ஒன்றும் இல்லை. காரின் பின்கதவைச் சாத்திவிட்டு, களைப்பு, காது பிழையாய்க் கேட்டிருக்கும் என்றார். அதன்பிறகு அவர் என்னை நக்கலடித்ததே இல்லை.

படித்தவள்தானே, சும்மா இருப்பேனா. ஒலி அமைப்புச் செய்த பையன் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்திருந்தான். என் வயலினில் தந்திகளைத் தாங்குகிற பாலத்தில் கவ்வியிருந்த மைக்கிலிருந்து வந்த பதிவை மட்டும் வாங்கிக்கொண்டு கார்ஹிங்குக்குப் போனேன். யாராவது பழைய பதிவைப் போட்டிருக்கலாம் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். ஆனால் அந்த இடத்தை ரீச்சர் அந்த வருடம்தான் அமைத்தார், அதை நான் ஒருநாளும் ஒழுங்காக வாசித்ததில்லை, போடுவதற்குப் பதிவே கிடையாது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். என் மூச்சு கேட்டது, பதறிய மூச்சு. வயலின் கேட்டது. வில் திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும், மெல்லமாக, டிக்.

அடுத்த கிழமையே வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் காப்பை ஒருக்கால் பார்க்கவேண்டும் என்றேன். கைப்பையிலிருந்து திறப்பை எடுத்து, அலுமாரியைத் திறந்து, துணிகளுக்குக் கீழே இருந்த சின்னப் பெட்டியைத் தந்தார். காப்பின் பூ வேலைப்பாட்டுக்குள் வெள்ளையாக, மா மாதிரி ஒரு தூள் அடைந்திருந்தது. விரலால் தொட்டேன், ஒட்டியது, மணந்து பார்த்தேன். ரோசின். வில்லுக்குப் பூசுகிற ரோசின்.

"கழுவித்தானே வைச்சனான்," என்றார் அம்மா. மற்றவர்களின் வீடுகளையும் அலுவலகங்களையும் துடைத்தே எங்களை வளர்த்தவர் அவர். அவர் கழுவிய பொருளில் அழுக்கு இருந்து நான் பார்த்ததில்லை.

நான் பழைய பற்தூரிகை ஒன்றை எடுத்து, என் கையாலேயே தேய்த்துக் கழுவி, உலர்த்தி, திரும்ப வைத்தேன். அம்மா பூட்டினார்.

இப்போது கை பெரும்பாலும் சுகம். வயலினை எடுக்கிறேன், ஒழுங்காக இல்லை, படிப்பு இருக்கிறது, அது இது என்று ஒரு சாட்டு. எடுக்கும் நாட்களில் சுமாராக வாசிக்கிறேன். எங்கே போனாலும் யாராவது ஒருவர் அந்த வர்ணத்தைப் பற்றிச் சொல்கிறார், நான் வாசிக்கவில்லை என்கிறேன், அவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் முன்போல் அடித்துச் சொல்ல எனக்கே துணிவில்லை. அந்தக் கை, அந்தக் காப்பு, அந்த டிக், எல்லாம் என்னுடையவை. விழுவதற்கு முந்திய நான்.

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, கேட்காமலே அம்மா பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தடிப்பு வற்றிவிட்டது, காப்பு இனி ஏறும், போடன் பிள்ளை என்றார். திறந்தேன். அந்தப் பூ வேலைப்பாட்டுக்குள் வெள்ளைத் தூள், போனமுறையை விட அதிகமாக, புதிதாக.

மூடிக் கொடுத்துவிட்டேன். ஏலாது அம்மா என்றேன். அளவு காணாது என்று அவர் நினைத்துக்கொண்டார். அளவில் ஒரு பிழையும் இல்லை. நான் வயலினைத் தொடாத நாட்களிலும் அவள், விழாத அந்த நான், விடாமல் பயிற்சி செய்கிறாள்.